பிரம்பை எறிந்தவர்கள்: குவேக்கர் கல்விநெறி பற்றி ஒரு திறனாய்வு

தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் முறுவலிக்காத மலேசியத் தமிழர் மிகச் சிலரே. 'தஞ்சோங்' என்பது ஆற்று வளைவையோ நிலமுனையையோ குறிக்கும் மலாய்ச் சொல். 'ரம்புத்தான்' யாவரும் அறிந்த கனி. பெயரில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் 1911ஆம் ஆண்டில் இங்கே மனநோயாளர்க்கென ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டபின், ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. அடங்காத பிள்ளையை நோக்கி, "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பவேண்டும்" என்று வீட்டில் சொல்வர். வருத்தத்தோடு எழுதுகிறேன், பள்ளியிலும் சொல்வர். 1971இல் அம்மருத்துவமனைக்குப் 'பஹாகியா' என்று பெயர் மாற்றினர். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறிற்று, வசை மாறவில்லை.

இவ்வசைக்குள் ஒரு கொள்கை ஒளிந்திருக்கிறது. மனம் நோயுற்றவனும் சொற்கேளாப் பிள்ளையும் ஓரினத்தார். இருவரையும் அச்சத்தால் அடக்கலாமே அன்றி அறிவால் அணுக இயலாது என்பதே அது. இக்கொள்கையை இரு முனைகளிலும் எதிர்த்தவர்களுள் இங்கிலாந்தின் குவேக்கர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். மனநோயாளரின் சங்கிலியைக் கழற்றியவர்களும், மாணவரை அடிக்கும் பிரம்பைக் கீழே போட்டவர்களும் அவர்களிடையே தோன்றினர். அவர்களைப் புகழ்ந்து எழுதுவது எளிது, புகழுக்குரியவர்களே. எனினும் புகழ்ச்சி திறனாய்வு ஆகாது. சங்கிலியையும் பிரம்பையும் எறிந்தபின் அவ்விடத்தில் எதனை வைத்தார்கள் என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு மூன்று நூல்களைச் சான்றாகக் கொள்வோம்: ஜோசப் லங்காஸ்டர் 1803இல் வெளியிட்ட கல்விச் சீர்திருத்த நூல், சாமுவேல் டியூக் 1813இல் வெளியிட்ட யார்க் நகர மனநல இல்ல வரலாறு, டேவிட் வில்ஸ் 1945இல் வெளியிட்ட பார்ன்ஸ் இல்ல அனுபவ நூல்.

நண்பர் சங்கம்

குவேக்கர்கள் தம்மை 'நண்பர் சங்கத்தார்' என அழைத்துக்கொள்பவர்கள். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரால் தோன்றிய கிறித்தவப் பிரிவு இது. மனிதர் ஒவ்வொருவருள்ளும் இறைமையின் ஒளி உண்டு என்பது இவர்தம் அடிப்படை. அவ்வாறாயின் குருவுக்கும் அடியார்க்கும் ஏற்றத்தாழ்வு ஏது? ஆகவே இவர்களின் பழைய வழிபாட்டு முறையில் பூசகர் இல்லை. கூடி அமைதியாக அமர்ந்திருப்பதே வழிபாடு. போரையும் வன்முறையையும் இவர்கள் மறுத்ததும் இதன் விளைவே. ஒளி உள்ள உயிரை எவ்வாறு அடிப்பது?

தமிழர்க்கு இவர்கள் முற்றிலும் அயலாரல்லர். 1928இல் சென்னைக்கு வந்து பெண்டிங்க் பெண்கள் பள்ளியில் பணியாற்றிய மார்ஜரி சைக்ஸ் அம்மையார், தமிழ் கற்றுத் தமிழ் மக்களோடு வாழ்ந்தவர். இந்தியாவுக்கு வந்தபின் 1930களில் குவேக்கர் சங்கத்தில் சேர்ந்தார். சாந்திநிகேதனத்திலும், பின்னர்ச் சேவாகிராமத்தில் காந்தியடிகளின் ஆதாரக் கல்வி ஆசிரியர்களைப் பயிற்றும் பணியிலும் ஈடுபட்டு, நீலகிரியின் கோத்தகிரியில் பல்லாண்டு வாழ்ந்து, 1995இல் மறைந்தார். ஆனால் குவேக்கர் கல்விக்கும் தமிழர்க்கும் உள்ள தொடர்பு அம்மையாருக்கும் முற்பட்டது, சற்றே சங்கடமானதுங்கூட.

மணலும் கூடையும்

சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அனாதை இல்லத்தை 1789 முதல் நடத்தியவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த மாணவனைக் கொண்டு இளையவனைக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த வேலையும் இதுவன்றோ? இம்முறையைப் பற்றிப் பெல் 1797இல் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே இலண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார் குவேக்கராகிய லங்காஸ்டர். அப்போது அவர் இருபது வயதையொட்டிய இளைஞர். அவர் பள்ளியிலும் மணற்பலகை இருந்தது; சட்டாம்பிள்ளைகளும் இருந்தார்கள். இம்முறையைக் கண்டவர் யார் என்று இருவர் கட்சியாரும் நெடுங்காலம் வாதிட்டனர். அவ்வாதத்தில் தமிழ்த் திண்ணையின் பெயரை எடுத்தவர் மிகச் சிலரே.

லங்காஸ்டரின் நூலைப் படிப்போர் முதலில் மகிழ்வர். பள்ளியில் சவுக்கும் பிரம்பும் மலிந்திருந்த காலத்தில், குழந்தையை அடித்தல் தகாது என்று எழுதினார். பரிசு கொடுத்து ஊக்கினார்; கட்டணமின்றி ஏழைகளைச் சேர்த்தார். ஆனால் தண்டனை பற்றிய பகுதிக்கு வந்ததும் மகிழ்ச்சி மறைகிறது. குற்றம் செய்த சிறுவன் கழுத்தில் மரக்கட்டை தொங்கும். அசைந்தால் அதன் எடை அழுத்தும். கால்களை மரத்தளையால் பிணைப்பர். குற்றத்தின் பெயர் எழுதிய அட்டையைச் சுமந்து பள்ளி முழுதும் வலம்வர வைப்பர். மிகவும் அடங்காதவனைக் கூடையில் இட்டு உத்தரத்தில் தொங்கவிடுவர். கூண்டுப் பறவை என்று பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து நகைப்பர்.

தமிழ் ஆசிரியர்க்கு இவை புதியன அல்ல. உத்தரத்தில் கைகளைக் கட்டித் தொங்கவிடும் கோதண்டமும், காலில் கட்டை பிணைக்கும் குட்டையும் நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்தவையே. இவற்றை லங்காஸ்டர் நம்மிடமிருந்து கற்றார் என்று கூறச் சான்றில்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டை நோக்குக. நம் திண்ணை வாத்தியார் தம் செயலைத் தண்டனை என்றே கருதினார். லங்காஸ்டரோ, தாம் அடிக்கவில்லை, ஆதலால் அன்பு செய்கிறோம் என்று நம்பினார். உடலை விட்டுவிட்டு மானத்தை அடித்தால், அதனை அகிம்சை என்று கூறலாகுமா?

அன்புள்ள ஒருவர் இந்நிலைக்கு வரக் காரணம் என்ன? விடை எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரே ஆசிரியர், ஒரே கூடம், ஆயிரம் அளவிலான பிள்ளைகள். இதுவே லங்காஸ்டர் முறையின் பெருமை. செலவு குறைவு என்பதால்தான் 1805இல் மன்னரே அவருக்கு ஆதரவு காட்டினார். ஆயிரம் பிள்ளைகளின் உள்ளொளியை ஒருவரால் தனித்தனியே காண இயலாது. அப்போது இயந்திரம் வேண்டியதாகிறது. பிரம்பை நீக்கினால் வெட்கமே அடுத்த மலிவான இயந்திரம். குவேக்கர் சங்கம் பண விவகாரத்தால் 1814இல் லங்காஸ்டரை விலக்கிற்று. கூடையில் தொங்கிய பிள்ளைகளுக்காக விலக்கியிருந்தால் வரலாறு அச்சங்கத்தை இன்னும் உயர்வாகப் பேசியிருக்கும்.

யார்க் நகரின் இல்லம்

இரண்டாம் சான்று நம் ஊரோடு தொடர்புடையது. 1790இல் ஹன்னா மில்ஸ் என்னும் குவேக்கர் விதவை யார்க் நகர மனநோயாளர் காப்பகத்தில் இறந்தார். அவரைக் காணச் சென்ற சங்கத்தார்க்கு அங்கே அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. இதனால் உள்ளம் நொந்த தேயிலை வணிகர் வில்லியம் டியூக், தம் சங்கத்தாரைத் திரட்டி 1796இல் 'ரிட்ரீட்' என்னும் இல்லத்தைத் திறந்தார். ரிட்ரீட் என்பதற்கு ஒதுங்கி இளைப்பாறும் இடம் என்று பொருள் கொள்ளலாம். அங்கே சங்கிலி இல்லை. தோட்டம் உண்டு, முற்றத்தில் முயலும் கோழியும் உலவின, நோயாளர் நல்லாடை உடுத்துத் தேநீர் விருந்துக்கு அமர்ந்தனர். சாளரக் கம்பிகள் இரும்பே ஆயினும், சிறை என்று தோன்றாதபடி மரச்சட்டம்போல் அமைத்தனர்.

வில்லியத்தின் பேரர் சாமுவேல் எழுதிய நூல் இவற்றை விளக்குகிறது. ஆசிரியர்கள் கவனிக்கவேண்டிய கருத்தொன்று அதில் உண்டு: மனநோயாளரை நடத்துவதற்கும் பிள்ளைகளை அறிவோடு வளர்ப்பதற்கும் மிகுந்த ஒப்புமை உண்டு என்கிறார். 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புவேன்' என்பவரும் இவ்விருவரையும் ஒப்பிட்டவரே. ஆனால் அவர் இருவரையும் தாழ்த்த ஒப்பிட்டார், டியூக் இருவரையும் உயர்த்த ஒப்பிட்டார்.

இருப்பினும் அந்நூலில் மற்றொரு செய்தியும் ஒளிவுமறைவின்றி இருக்கிறது. நோயாளரை நடத்துவதில் அச்சத்துக்கும் இடமுண்டு. வீட்டு ஒழுங்கினின்று இயல்பாக எழும் அளவுக்கு மேல் அது போகலாகாது என்பதே வரம்பு. அதனினும் வலிய கருவி, பிறர் தம்மை மதிக்கவேண்டும் என்னும் ஆசை. நன்றாக நடந்தால் மதிப்பு. தவறினால் அது குறையும். 1961இல் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ஃபூக்கோ இவ்விடத்தைப் பற்றிக்கொண்டு டியூக்கைக் கடுமையாகச் சாடினார். கைச்சங்கிலியைக் கழற்றி மனச்சாட்சியில் பூட்டினார்கள்; நோயாளி தன்னைத் தானே காவல்செய்யும் கைதியானான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஃபூக்கோவின் கூற்றில் உண்மை உண்டு. நேர்மை முழுதும் இல்லை. சங்கிலியில் கிடந்த மனிதனுக்கும், தேநீர் மேசையில் அமர்ந்த மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டை நூலறையில் இருப்பவர் குறைத்துப் பேசலாம். சங்கிலியில் கிடந்தவன் பேசமாட்டான். மேலும் ரிட்ரீட் தொடக்கத்தில் முப்பது பேர் அளவில் வாழ்வதற்கென அமைந்த சிறு இல்லம். அதன் நெறியைப் பின்பற்றுவதாகக் கூறிப் பிற்காலத்தில் பலவிடங்களில் எழுந்த பெருங்காப்பகங்கள் ஆயிரக்கணக்கானோரை அடைத்தபோது, கட்டடமும் தோட்டமும் மிஞ்சின. பழக்கமும் பேச்சும் மறைந்தன. லங்காஸ்டரிடம் கண்ட எண்ணிக்கையின் நோய் இங்கும் தலைகாட்டிற்று.

பார்ன்ஸ் இல்லம்

மூன்றாம் சான்று நம் தொழிலுக்கு மிக நெருங்கியது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரப் பிள்ளைகளைக் கிராமத்து வீடுகளுக்கு அனுப்பினர். எவ்வீட்டாரும் வைத்துக்கொள்ள இயலாத சிறுவர் சிலர் எஞ்சினர்: திருடுவோர், உடைப்போர், படுக்கையை நனைப்போர், ஓடிப்போவோர். அத்தகையோர்க்காகக் குவேக்கர்கள் 1940இல் ஸ்காட்லாந்தின் பீபிள்ஸ் அருகே பார்ன்ஸ் இல்லத்தைத் திறந்தனர். அதனை நடத்தியவர் டேவிட் வில்ஸ். அவரும் குவேக்கரே.

வில்ஸ் தண்டனையை அறவே விலக்கினார். அடியை மட்டுமன்று, அவமானத்தையும், அன்பை நிறுத்திவைத்து அச்சுறுத்துவதையும் விலக்க முயன்றார். இங்கேதான் அவர் தம் முன்னோர் இருவரையும் கடக்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணங்களை என் சொற்களில் தருகிறேன். தண்டனை, நன்மையை நன்மைக்காகச் செய்யும் எண்ணத்தை நீக்கிவிட்டு, அடிக்கு அஞ்சிச் செய்யும் தாழ்ந்த எண்ணத்தை வைக்கிறது. இப்பிள்ளைகள் ஏற்கெனவே வேண்டுமளவு தண்டனை பெற்றும் திருந்தவில்லை. தண்டிப்பவரிடம் பிள்ளை மனம் திறப்பதில்லை. குற்றவுணர்வால் வருந்தும் சில பிள்ளைகள், தண்டனை பெறவேண்டியே குறும்பு செய்கின்றனர். தண்டனை பெற்றவன் கடன் தீர்ந்தது என்று எண்ணி, அடுத்த குற்றத்துக்குப் புதுக்கணக்குத் தொடங்குகிறான்.

இறுதிக் காரணம் தோட்டப்புறத்தில் வளர்ந்த எனக்கு உடனே விளங்கிற்று. பெரட்டில் பெயர் கொடுத்து, செக்ரோலில் நாள் பதிந்து, பிடித்தம் போக எஞ்சியதைக் கூலியாகப் பெற்ற மக்களின் பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு அடியும் ஒரு பிடித்தமே. "வாங்கியாச்சுடா, சரியாப் போச்சு" என்று உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே அடுத்த குறும்புக்குப் போவோம். அக்கணக்கில் ஆசிரியர் மண்டோர் ஆனாரேயன்றி ஆசான் ஆகவில்லை.

தண்டனைக்கு மாற்றாக வில்ஸ் வைத்தவை இரண்டு. ஒன்று, நடத்தையைப் பொறுத்துக் கூடவோ குறையவோ செய்யாத அன்பு; பிள்ளை கண்ணாடியை உடைத்த நாளிலும் அவ்வன்பு குறைந்ததாக அவன் உணரலாகாது. மற்றொன்று, பொறுப்பைப் பகிர்தல். இல்லத்தின் ஒழுங்கைப் பிள்ளைகளும் பெரியவர்களும் கூடிப்பேசி நடத்துதல். இஃது இடரின்றி நடந்தது என்று அவர் கூறவில்லை. அமளியையும் தோல்வியையும் நூலில் மறைக்காமல் எழுதியிருப்பதே அந்நூலை நம்பத்தக்கதாக ஆக்குகிறது.

நம்மவர் எழுப்பும் தடைகள்

இதனைப் படிக்கும் ஆசிரியர், 'அடியாத மாடு படியாது' என்பார். மாட்டுக்கு வேண்டியது படிதல். பிள்ளைக்கு வேண்டியது படித்தல். ஓரெழுத்தே வேற்றுமை, ஆயினும் நம் தொழில் முழுதும் அதில் அடங்கியுள்ளது. இன்னொருவர் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பார்: கோலை வேகமாக ஓங்கி மெல்ல விடுக என்று அவர் கூறவில்லையா? கூறினார், அரசனுக்குக் கூறினார். அக்குறள் நிற்கும் அதிகாரத்தின் பெயர் வெருவந்த செய்யாமை, அஞ்சத்தக்கன செய்யாதிருத்தல். அதனை அடுத்து அவர் வைத்த அதிகாரம் கண்ணோட்டம். ஓங்கும் கையை மட்டும் படித்து, அடுத்த ஏட்டைப் புரட்டாமல் விடுவது முறையன்று.

மூன்றாம் தடை வலுவானது. இதில் வில்ஸிடம் எனக்கும் ஐயம் உண்டு. அவர் இல்லத்தில் பிள்ளைகள் இரவும் பகலும் தங்கினர். நம்மிடம் இருப்பதோ சில மணி நேரம். அவர் தாமே ஏற்ற சிறுவர்களோடு வாழ்ந்தார். நம் வகுப்பில் அடிப்பவனும் இருக்கிறான், அடிபடுபவனும் இருக்கிறான். அடிபட்டவன், "ஐயா, அவனை ஒன்றும் செய்யவில்லையே" என்று கேட்கும்போது, அவனுக்கும் உள்ளொளி உண்டென்பதை மறக்கலாமா? அவனுக்குரிய நீதியை வில்ஸ் கூட்டத்திடம் ஒப்படைக்கிறார். கூட்டமோ சிலவேளை தனிமனிதரினும் கொடியது. மேலும் சில பிள்ளைகளிடம் கண்ட வெற்றியைக் கொண்டு எல்லாத் தண்டனையும் எங்கும் பயனற்றது என்று முடிவு கட்டுதல் பெருங்கூற்று. நூல் தரும் சான்று அவ்வளவு பாரத்தைத் தாங்காது.

ஆயினும் வில்ஸ் ஓர் உண்மையை மறுக்கவொண்ணாதபடி நிலைநாட்டுகிறார். பிரம்பை எறிவது தொடக்கமே. எதற்காக அதனை ஏந்தினோமோ, அந்த ஆசையை, அதாவது பிள்ளை நமக்கு அடங்கவேண்டும் என்னும் ஆசையை, எறியாதவரை, கை வேறொரு பிரம்பைத் தேடிக்கொண்டே இருக்கும்.

என் கூடை

இதனை நான் நூலிலிருந்து மட்டும் கற்கவில்லை. பல்லாண்டுகளுக்கு முன், ஒரு தோட்டப் பள்ளியில் இளம் ஆசிரியனாக இருந்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்த புதிது. பிள்ளைகளை அடிப்பதில்லை என்னும் உறுதியும், அதனால் வந்த பெருமையும் மிகுதி. என் வகுப்பில் ஒரு சிறுவன் பிறர் பென்சிலை முறிப்பான், கடிப்பான், காரணமின்றி அலறுவான். நான் அவனை அடிக்கவில்லை. ஒரு வாரம் அவனோடு எவரும் பேசலாகாது என்று வகுப்புக்குக் கட்டளையிட்டேன். பிள்ளைகள் அக்கட்டளையை வியக்கத்தக்க ஒழுங்கோடு நிறைவேற்றினார்கள். நான்காம் நாளே அவன் அடங்கிவிட்டான். சக ஆசிரியர்கள் பாராட்டினர், நானும் ஏற்றுக்கொண்டேன்.

சில வாரங்கள் கழித்து அவன் தாய், பால்மரம் வெட்டிவிட்டு அப்படியே பள்ளிக்கு வந்தார். "வாத்தியாரையா, ரெண்டு அடி போட்டிருந்தாகூட அன்னைக்கே அழுது தீத்திருப்பான். இப்ப வீட்லயும் வாயத் தொறக்க மாட்டேங்கிறான்" என்றார். குரலில் சினம் இல்லை. எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அவ்வாண்டு இறுதியில் அக்குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. அதுவரை அவன் என்னிடம் கேட்டதற்கு மட்டும் தலையசைத்தான். லங்காஸ்டரின் கூடையைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது, அதில் தொங்கும் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது.

முடிபு

இந்நாட்டின் 1959ஆம் ஆண்டுப் பள்ளி ஒழுங்கு விதிகள் பெண்பிள்ளைகளைப் பிரம்பால் அடிப்பதைத் தடுத்தன. ஆண்பிள்ளைகளை அடிக்கும் உரிமையைத் தலைமையாசிரியர்க்கும் அவர் அதிகாரம் அளித்தவர்க்கும் தந்தன. ஆகவே இக்கட்டுரையை எழுதுபவன் அவ்வுரிமை தரப்பட்ட பதவியில் அமர்ந்து எழுதுகிறான். அதனைப் பயன்படுத்துவதில்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இப்போது பெருமை இல்லை. பயன்படுத்தாத கை என்ன செய்கிறது என்பதே கேள்வி.

மூன்று நூல்களையும் சேர்த்துப் பார்க்கின் குவேக்கர் நெறியின் வலிமையும் குறையும் தெளிவாகும். ஒவ்வொரு பிள்ளையிடத்தும் ஒளி உண்டு என்னும் நம்பிக்கை அதன் வலிமை. அந்நம்பிக்கை பிள்ளைகளைப் பெயர்பெயராக அறியக்கூடிய அளவில்தான் செயலாகும். அளவு மிஞ்சினால் அதுவே மென்மையான கொடுமையாகத் திரியும். இதனை லங்காஸ்டர் அறியவில்லை. டியூக் ஓரளவு அறிந்தார். வில்ஸ் அறிந்து அதற்கேற்பச் சிறிய இல்லத்தையே நடத்தினார். நம் தமிழ்ப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் தொகை குறைவு என்று நாம் கவலைப்படுகிறோம், கவலை நியாயமே. ஆனால் பதினைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பு, லங்காஸ்டர் கனவிலும் காணாத வாய்ப்பு. அதனை ஆயிரம் பேர் கூடம்போல் நடத்துவோமாயின் பிழை தொகையினுடையது அன்று.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வகுப்பில் மிகவும் தொல்லை தரும் பிள்ளை எவன் என்பது நம் ஒவ்வொருவர்க்கும் தெரியும். நாளை அவனை அழைத்து, குற்றம் எதுவும் விசாரியாமல், அறிவுரை எதுவும் கூறாமல், ஐந்து நிமிடம் அருகில் அமர்ந்திருங்கள். அவன் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் சும்மா இருங்கள். மறுநாளும் அவ்வாறே செய்யுங்கள். எங்கள் ஊரின் பெயரை மட்டும் அவன் காதில் வசையாகப் போடாதீர்கள். அவ்வூரிலும் பள்ளி இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் தங்கள் ஊர்ப்பெயரைத் தலைநிமிர்ந்து எழுதவேண்டும்.